நடுவர் தீர்ப்பா, நேயர் வாக்கா?

2019இல் ‘பிக் பாஸ்’ தமிழின் மூன்றாம் பருவத்தில் இலங்கையர்களான லொஸ்லியாவும் தர்ஷனும் கலந்துகொண்டபோது, யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆட்டத்தின் தரத்தைவிட ‘எங்கட பிள்ளையள்’ என்ற பற்றே மேலோங்கியிருந்தது. இறுதிப் போட்டிக்குச் சற்று முன்னர் தர்ஷன் வெளியேற்றப்பட்டதும் அதே பற்று, வாக்குமுறையின் மீதான ஐயமாக மாறியது. வாக்குகள் எண்ணப்படுவதை நேயர் சரிபார்க்க முடியாத அமைப்புக்கு அந்த ஐயம் தகும்.

பாட்டுப் போட்டிகளின் நடுவர் முறையில், சுருதி விலகிய இடத்தைச் சுட்டும் ஒரு காரணமாவது கிடைக்கிறது. ஆயினும் ‘சூப்பர் சிங்கர்’ போன்ற போட்டிகள் இறுதியில் நேயர் வாக்கைச் சேர்த்து, அதுவரை சொன்ன காரணங்களைத் தாமே வலுவிழக்கச் செய்கின்றன. விடிய விடிய மேளச்சமா எனும் தவில், நாதஸ்வரக் கச்சேரி கேட்கும் யாழ்ப்பாணத்து இணுவில் ஊர் இரசிகரிடம் வாக்கைக் கொடுக்கலாம் (தாளம் பிசகினால் அவர் எழுந்து போய்விடுவார்). வெட்டித் தொகுத்த காட்சியை மட்டும் பார்த்தவரின் வாக்கு வேறு. பாட்டுக்கு நான் நடுவரையே தேர்வேன்.