கண்ணுக்கு ஊசியா, லேசரா?

சீனி வருத்தத்தால் கண் மங்கியவர்களுக்கு ஊசி நல்லதா, லேசர் நல்லதா? திருகோணமலையில் கண் கிளினிக் வாங்கில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுத்தான். ஊசிதான் புதியது, ஆகவே அதுதான் சிறந்தது என்பது பலரின் முடிவு. என் முடிவு அப்படியல்ல.

இரண்டுமே அடக்கப் பார்ப்பது வி.ஈ.ஜி.எஃப். எனப்படும் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைத்தான். நீரிழிவால் நுண்குழாய்கள் அடைபட்டு ஒட்சிசன் குறைந்ததும் விழித்திரை இதைச் சுரக்கிறது. குழாய்களின் ஏற்பிகளில் இது போய் ஒட்டினால் சுவர் கசியும்; புதுக் குழாய்களும் முளைக்கும். கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் கசிவு தேங்கி வீங்கினால் எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். முளைத்த குழாய் உடைந்தாலோ கண்ணுக்குள்ளேயே குருதி கொட்டும். இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள், விடையும் வேறு.

மாக்குலா வீக்கத்துக்கு ஊசிதான். லேசர் பார்வையிழப்பின் ஆபத்தை ஏறக்குறையப் பாதியாக்கும் என்று 1985 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆனால் போன பார்வையை அது மீட்டுத் தருவது அரிது. ஊசி பலருக்கு மீட்டுத் தருகிறது.

எந்த ஊசி என்பதில்தான் குடும்பங்கள் திண்டாடுகின்றன. பெவாசிசுமாப், 2004 இல் குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. பெரிய குப்பியிலிருந்து சிறு ஊசிகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் விலை குறைவு. ரனிபிசுமாபும் அஃப்லிபெர்செப்டும் கண்ணுக்கென்றே வந்தவை, விலையும் பல மடங்கு. 2015 இல் மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பார்வை 6/12 (நல்ல கண் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரில் வாசிப்பது) அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களிடம் ஓராண்டு முடிவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 6/15 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்கள் அஃப்லிபெர்செப்டால் பார்வைப் பலகையில் முன்பைவிடச் சராசரி 18.9 எழுத்துகள் கூடுதலாக வாசித்தார்கள், ரனிபிசுமாபால் 14.2, பெவாசிசுமாபால் 11.8. ஆனால் மலிவானதில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் அஃப்லிபெர்செப்டுக்கு மாறியவர்களும் இரண்டாண்டில் ஏறக்குறைய அதே பார்வையைப் பெற்றார்கள் என்று 2022 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே காப்பை அடகு வைத்து விலை கூடியதில் தொடங்க வேண்டியதில்லை. குப்பியிலிருந்து பிரிக்கும் இடம் மட்டும் கிருமியற்றதாக இருந்தே ஆக வேண்டும். அங்கே தவறினால் கண்ணே போய்விடும்.

ஊசி என்றதும் பலர் நடுங்குகிறார்கள். சொட்டு மருந்தில் கண்ணை மரக்கச் செய்து, அயடின் விட்டு, இமைகளை விரித்து, கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீற்றர் அளவு தள்ளி வெள்ளைப் பகுதியில் 0.05 மில்லிலீற்றர் செலுத்துகிறார்கள். ஒரு துளி அளவுதான். பெரும்பாலோருக்கு ஓர் அழுத்தம் மட்டுமே தெரியும்.

புதுக் குழாய்கள் முளைத்துவிட்டால் நான் லேசர் பக்கம். ஒழுங்காக வருபவர்களுக்கு ஊசியும் குறைவில்லை என்று 2015 ஆய்வொன்று காட்டியது உண்மைதான். ஆனால் ஊசியின் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடும். லேசரோ ஒட்சிசனுக்கு ஏங்கும் ஓரப் பகுதியைச் சுட்டுவிடுவதால், வளர்ச்சிக் காரணி சுரப்பதே நீண்ட காலத்துக்குக் குறைகிறது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம். ஆறு மாதத்துக்கு மேல் கிளினிக்குக்கு வராமல் போனவர்களில், ஊசி மட்டும் போட்டவர்களின் கண்களே கூடுதலாகக் கெட்டன என்று 2019 ஆய்வொன்று கண்டது. தம்பலகாமத்தில் அறுவடை தொடங்கினாலோ, மீன்பிடித் தொழிலுக்கு வேறு கரைக்குப் போனாலோ, வெருகலிலிருந்து கூட்டிவர ஆளில்லாமற் போனாலோ தவணை தவறும். அவர்களுக்கு லேசரே காவல்.

வீக்கமும் புதுக் குழாயும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ஊசி முதலில், லேசர் பிறகு. லேசரே வீக்கத்தைக் கூட்டக்கூடும். கிளினிக்கில் கேட்க வேண்டியவை இரண்டு: மாக்குலாவில் வீக்கம் உண்டா? புதுக் குழாய் உண்டா?