பால் ஆலைக்காரர்கள் கவனத்துக்கு: வால்வைக் கழற்றிப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

பால், தயிர், மோர் பதப்படுத்தும் சிறு ஆலை வைத்திருப்பவர்களும் புதிதாகத் தொடங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும், துளையிட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடும் சாதாரண பந்து வால்வை வெளியே மெருகேற்றி, இரு முனையிலும் கிளாம்ப் வளையம் பொருத்தி, 'சானிட்டரி வால்வு' (பால் தேங்காமல் முழுதாகக் கழுவக்கூடிய வால்வு) என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார் ஒரு ஒப்பந்தக்காரர். வழக்கு நடப்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

எங்கள் ஆலை ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. பதப்படுத்திய பாலைத் தேக்கும் தொட்டிகளையும், அங்கிருந்து பாக்கெட் இயந்திரத்துக்குப் போகும் குழாய்களையும் மாற்றியமைப்பதுதான் வேலை. விலை பேச வந்தபோது அவர் மேசைமேல் வைத்த மாதிரி வால்வு உண்மையிலேயே நல்ல பொருள். தொட்டியின் உட்சுவரோடு ஒட்டி ஒரு ரப்பர் சவ்வு மூடிக்கொள்ளும். பால் ஒளிந்துகொள்ள இடுக்கு கிடையாது. பக்கவாட்டில் இரண்டு சிறு மூக்குகள். ஒன்றில் நீராவியை விட்டு மற்றதன் வழியே வெளியேற்றினால், பால் மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் வால்வின் வாயைக் கிருமி நீக்கிவிடலாம். அந்த விலைக்கே ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்தோம். அவர் அந்த மாதிரியை எங்கள் அலுவலகத்திலேயே விட்டுச் சென்றார். பிறகு அதுவே எங்களுக்கு ஆயுதமானது.

வேலை முடிந்து பால் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, தேதி முடியும் முன்பே பால் திரிகிறது என்று கடைகளிலிருந்து புகார் வந்தது. முதலில் கொள்முதல் நிலையத்தின் மேல் பழி, பிறகு வேன் ஓட்டுநர் மேல் பழி. ஒப்பந்தக்காரரோ குழாய் கழுவும் காஸ்டிக் சோடாவின் செறிவைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம், ஒன்றும் மாறவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் ஆய்வகத்துப் பெண். பால் போதிய அளவு சூடானதா என்று காட்டும் பாஸ்பட்டேஸ் சோதனையில் பால் தேறியது. அதாவது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் வேலை ஒழுங்காகவே நடக்கிறது, கிருமி அதற்குப் பிறகுதான் சேர்கிறது. ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில், மேல்மூடியைத் திறந்து கிருமி நீக்கிய கரண்டியால் ஒரு மாதிரியும், சாம்பிள் வால்விலிருந்து ஒரு மாதிரியும் எடுத்தார். மேலே எடுத்ததில், சுத்தக்குறைவைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இல்லை. வால்வில் எடுத்ததில் கிருமி வளர்க்கும் தட்டு நிறைய இருந்தது. பாக்கெட்டுக்குப் போகும் பாலும் அதே வகை வால்வுகளைக் கடந்துதான் போகிறது.

ஒன்றைக் கழற்றினோம். நாற்றத்தை எழுத விருப்பமில்லை. பந்து வால்வை மூடும்போது, துளையில் நின்ற பால், வெற்றிலைச் சாற்றைக் கன்னத்தில் அடக்குவதுபோல உள்ளேயே அடங்கிவிடும். உருண்டைக்கும் உடலுக்கும் இடையிலும் ஒரு குழி உண்டு; அதை நிரப்பும் டெஃப்ளான் இருக்கை போட்ட வகைகள் இருக்கின்றன, எங்களுக்குக் கொடுத்ததில் இருந்ததோ குழியை நிரப்பாத சாதாரண டெஃப்ளான் இருக்கை. வால்வு திறந்திருக்கையில் கழுவும் நீர் உருண்டையின் துளை வழியே நேராக ஓடிவிடும், குழியைத் தொடாது. போதாக்குறைக்கு, கிளாம்ப் வளையத்தை வால்வோடு சேர்த்தது திருகுமரையால். ஒவ்வொரு மரையின் பள்ளத்திலும் மஞ்சள் நிறப் பசை.

பிறகு மற்ற இடங்களையும் நோண்டினோம். வடிகால் கிளை இரண்டு அங்குலக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு நீட்டப்பட்டு, அதன் நுனியில் வால்வு. இப்படி முட்டுச்சந்தாக நிற்கும் கிளையின் நீளம் குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது, விட்டத்தை விடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கிடைமட்டக் குழாயில் விட்டம் குறையும் இடத்தில் அடிப்பகுதி சமமாக ஓடும் இணைப்பைப் போட வேண்டும். அவர் நடுமையம் ஒத்த இணைப்பைப் போட்டதால் கீழே எப்போதும் பால் நின்றது. குழாய்க்குச் சரிவும் இல்லை. வெல்டிங்கின் வெளிப்புறம் கண்ணாடி மாதிரி பஃபிங் செய்திருந்தார். உள்ளே ஆர்கான் வாயு விடாமல் பற்றவைத்ததால் கறுத்துப் பொரிந்திருந்தது.

பில்லில் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு என்று இருக்கிறது. சோதனைக்கூடத்தில் கருவி வைத்துப் பார்த்ததில் மாலிப்டினம் என்ற உலோகம் இல்லை, 304 வகை எஃகுதான் என்று தெரிந்தது. 316-இல் அது 2 முதல் 3 விழுக்காடு இருந்தாக வேண்டும். பாலுக்கு 304 போதும் என்பார்கள், பெரும்பாலும் சரிதான். ஆனால் பணம் வாங்கியது 316எல்-க்கு. காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், 'காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் சார்' என்று யாராவது செய்துகாட்டினால் அந்த வித்தையை ரசித்துவிட்டு, எஃகின் மேல் ரசாயனச் சொட்டு விட்டு மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். உருக்குச் சான்றிதழில் உள்ள ஹீட் எண் (ஒரே முறை உருக்கிய தொகுதிக்கு இடும் எண்) வால்வின் உடலிலும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த நகலில் இருந்த எண் எந்த வால்விலும் இல்லை.

பால் கருவிகளின் சுகாதாரத் தரத்துக்கு ஒரு அமெரிக்க அமைப்பு அனுமதிக்கும் 3-ஏ முத்திரையையும் விலைப்பட்டியலில் அச்சடித்திருந்தார். அந்த அனுமதி குறிப்பிட்ட நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட வகைப் பொருளுக்கும் கொடுக்கப்படுவது. யாரிடம் இருக்கிறது என்று அந்த அமைப்பின் இணையப் பட்டியலிலேயே தேடிப் பார்க்கலாம்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: 'எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள். கழுவும்போது வால்வைப் பாதி திறந்து திறந்து மூடுங்கள்.' அப்படிச் செய்தால் குழிக்குள் கொஞ்சம் நீர் போகும், பொய்யில்லை. திருகுமரைக்கு அது ஒன்றும் செய்யாது. மாதிரி எடுக்குமுன் வால்வை ஸ்பிரிட் தீயில் வாட்டும்படியும் சொன்னார். தீயில் கெட்டுப்போகும் டெஃப்ளான் இருக்கையை வாட்டச் சொல்பவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று பலர் சொன்னார்கள். வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக உதவாது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலையாட்கள் வைத்து நடத்தும் நாங்கள் அதில் வரமாட்டோம் என்றார் வழக்கறிஞர். அவர் கைகாட்டியது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை. மாதிரியைக் காட்டி விற்றால், கொடுக்கும் சரக்கும் மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற அந்த அழகான வால்வு இப்போது பீரோவில் பூட்டியிருக்கிறது. மாதிரி என்று எதைக் காட்டினாலும் ஒன்றை வாங்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த சரக்கில் ஏதாவது ஒன்றை, நீங்களே தேர்ந்தெடுத்து, அவர் முன்னிலையில் முழுதாகப் பிரிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிரிக்கத் தயங்கும் ஆளிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பாக்கித் தொகையை நிறுத்திவைத்திருக்கிறோம். சாம்பிள் வால்வுகளை மட்டும் பாதி விலைக்கு மாற்றித் தருவதாகத் தூது வந்தது, மறுத்துவிட்டோம். இப்போது தருமபுரிப் பக்கம் ஒருவருக்கு அவர் அனுப்பிய விலைப்பட்டியலில், தான் செய்த வேலை என்று எங்கள் தொட்டிகளின் படத்தைப் போட்டிருக்கிறார். அந்தப் படம் உங்களுக்கும் வந்தால் நேரில் வந்து பாருங்கள். கழற்றிய வால்வுகளைக் கழுவாமல் வைத்திருக்கிறோம்.