கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை

ராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகையில் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. மாணவர்களுக்கு அது 'எதிர்க்கடை', கடைக்காரர் 'பாய்', அவ்வளவுதான். நகல் எடுப்பது, அச்செடுப்பது, ஸ்பைரல் பைண்டிங், பாஸ்போர்ட் அளவுப் படம், இணைய விண்ணப்பம் என மற்ற ஜெராக்ஸ் கடைகள் செய்யும் வேலைகளையே இதுவும் செய்கிறது. ஆனாலும் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. 2023இல் நான் முதலாண்டு விலங்கியலில் சேர்ந்தபோதும், 2025இல் என் தம்பி முதலாண்டு கணிதத்தில் சேர்ந்தபோதும், முதல் செமஸ்டரில் எங்களுக்கு வேண்டியிருந்த தகவல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கிடைத்தன. கெடுதலும் கொஞ்சம் இங்கேயே கிடைத்தது.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகும் நேரமும் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஆகவே கடற்கரை வீடுகளில் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும் வாரங்களில்தான் கட்டணம், நோட்டு, பஸ் செலவு, சான்றிதழ் நகல் என ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பாய்க்கு இது தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கணக்கு நோட்டு கிடக்கும். அதில் ஆள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் இருக்கும்: பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி. முதல் நாள் நான் நூற்றுச்சொச்சம் ரூபாய்க்கு நகல் எடுத்துவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "மீன்பாடு கிடைச்சதும் குடு தங்கச்சி" என்று என் பெயரையும் எழுதிக்கொண்டார். வட்டி கிடையாது, ஞாபகப்படுத்துவதும் கிடையாது. அந்தக் கடனை ஆகஸ்ட்டில் அடைத்தேன்.

சான்றிதழ் விஷயத்தில் இவருடைய அறிவுரை காசு கொடுத்துக் கேட்கத் தகுந்தது. மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்யச் சொல்லி நீட்டினேன், மறுத்துவிட்டார். அசலை உருக்கி ஒட்டிவிட்டால் பிறகு அதன் மேல் முத்திரை வைக்கவோ பின்பக்கத்தில் எழுதவோ முடியாது, வெப்பத்தில் எழுத்து மங்கினால் திரும்ப வாங்க அலைய வேண்டும் என்று சொல்லி, பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் உறை ஒன்றை மட்டும் விற்றார். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்பே ஐந்து நகல் எடுக்க வைத்தார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் மின்னஞ்சலுக்கே அனுப்பவும் சொன்னார். அதன் அருமை எனக்கு அடுத்த ஆண்டுதான் விளங்கியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் கொட்டித் தீர்த்த மழையில், ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. எங்கள் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. உறைக்குள் இருந்தவை தப்பின. அம்மாவின் துணிகளுக்கு அடியில் இருந்த குடும்ப அட்டை நகல்கள் கூழாகிப்போயின.

உதவித்தொகைக்கு வருகிறவர்களிடம் பாய் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பார். வருமானச் சான்றிதழ் எப்போது வாங்கியது? அதன் ஆயுள் ஓராண்டுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் கடைசியாகப் பணம் போட்டதோ எடுத்ததோ எப்போது? பள்ளியில் தொடங்கித் தந்த கணக்கை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால் வங்கி அதைச் செயல்படாக் கணக்காக மாற்றிவிடும். என் தம்பியின் கணக்கு அந்த நிலையில்தான் இருந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அவனுக்குத் தகுதி உண்டு. எனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே தொகை வருகிறது. முதலில் வங்கிக்குப் போய்க் கணக்கைச் சரிசெய்துவிட்டு வா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று அங்கேயே கேள், அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று அவனைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அவருக்கு அதில் வருமானம் ஒன்றுமில்லை. மாணவர் ஒவ்வொருவரிடமும் அவர் இவ்வளவு பொறுமையாகப் பேசுவார் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் இல்லாத காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ போனால்தான் பேசுவார்.

வருகைப் பதிவைப் பற்றி வகுப்பில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பாய்தான் வீணான தாளொன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 22 நாள். "இந்த இருபத்திரண்டயும் ஜூலை, ஆகஸ்ட்டுல கல்யாணம், திருவிழான்னு தின்னுடாதீங்க, ஐப்பசி கார்த்திகைக்கு வேணும்" என்றார். தீவிலிருந்து வருகிற எங்களுக்கு இது வேறு யாரையும்விட அதிகமாகப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நாட்களில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதும், பாலத்தில் காற்று சுழன்றடிப்பதும், தேர்வு நெருங்குவதும் ஒரே மாதத்தில் நடக்கும். மாவட்டத்துக்கே விடுமுறை விட்டால் கவலையில்லை. விடாத நாளில் பஸ் வராவிட்டால் அது நம் கணக்கில்தான் ஏறும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டதால் என் முதலாண்டு முழுவதும் சாலைப் பாலமும் பஸ்ஸுமாகவே கழிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு தம்பிக்கு ரயிலும் ஒரு வழியாகிவிட்டது. கடைச் சுவரில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் பஸ் நேரப் பட்டியலில் ரயில் நேரத்தையும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். எழுத்து சிறியது, ஆனாலும் பயனுள்ளது.

முதல் செமஸ்டரில் பாடத்தைவிட, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பதுதான் பெரிய பாடு. பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரே எல்லாவற்றுக்கும் இருந்தார். இங்கே துறை அலுவலகம், தேர்வுப் பிரிவு, உதவித்தொகைப் பிரிவு, வகுப்புப் பொறுப்பாசிரியர் என வாசல்கள் பல. எந்த வாசலில் நின்றாலும் 'இது இங்கே இல்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சத்திலேயே ஜூலை போய்விட்டது. இந்தக் கடையில் எழுதித் தரும் விண்ணப்பங்களைவிட எனக்கு உதவியது, எந்த மேசைக்குப் போய் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று பாய் சொல்லிக்கொடுத்த ஒற்றை வரிகள். பஸ் பாஸ் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, "உள்ள போயி 'சீல் வைக்கணும் சார்'னு மட்டும் சொல்லு, கதை சொல்லாத" என்றார். வேலை இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

விற்பவற்றில் வாங்கியே தீர வேண்டியது, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள் தொகுப்பு. என் துறைக்கு அறுபது ரூபாய் ஆனது. பாடத்திட்டம் ஐந்து அலகுகளாக இருப்பதையும், 75 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வில் அந்த ஐந்திலிருந்துமே கேள்விகள் வருவதையும், மீதி 25 மதிப்பெண் அகமதிப்பீடாக நாம் உட்கார்ந்திருக்கும் வகுப்பிலேயே முடிவாகிவிடுவதையும் அந்தத் தாள்களைப் புரட்டியே தெரிந்துகொண்டேன். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதைத் தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்காமல் செமஸ்டரின் முதல் வாரமே வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு கேள்வியிலும் புரியாத ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழை எழுதிக்கொண்டே வந்தால் செப்டம்பருக்குள் பாடம் பாதி பிடிபட்டுவிடும்.

வாங்கக் கூடாதது, அதே அலமாரியில் பக்கத்துத் தட்டில் அடுக்கியிருக்கும் 'நோட்ஸ்'. யாரோ ஒரு மூத்த மாணவரின் கையெழுத்து நோட்டை நகலின் நகலாக எடுத்து, பச்சை அட்டை போட்டு விற்கிறார்கள். நான் வாங்கிய பிரதியில் 44ஆம் பக்கத்துக்குப் பிறகு 41 மறுபடி வந்தது. ஐந்து அலகுகளில் மூன்றுதான் இருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதுகெலும்பற்றவை பற்றிய வகைப்பாட்டு அட்டவணையில், மண்புழுவுக்கும் அட்டைக்கும் அடுத்து, வளைதசைப் புழுக்களுக்கு எடுத்துக்காட்டாகக் கடல் அட்டையையும் எழுதியிருந்தார்கள். பெயரில் அட்டை இருக்கிறதே என்று சேர்த்த புண்ணியவான் யாரென்று தெரியாது. கடல் அட்டை முட்தோலி வகை, நட்சத்திர மீனின் உறவு. 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருப்பது எங்கள் தெருவில் சிறுபிள்ளைக்கும் தெரியும். வலையில் சிக்கியதைத் திரும்பக் கடலில் விடும்போது அதன் சொரசொரப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் அகமதிப்பீட்டுத் தேர்வில் அந்த வரியை அச்சுப் பிசகாமல் எழுதினேன். என்னோடு இன்னும் ஏழு பேர் எழுதியிருந்தார்கள். பேராசிரியர் என் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார். தங்கச்சிமடம் என்றேன். "அங்கிருந்து வந்துமா?" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் மண்டபம் முகாமில் இருக்கும் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்துக் காட்சிக்கூடத்துக்கு நாங்கள் நாலு பேர் போய் வந்தோம். நோட்ஸுக்குக் கொடுத்த எண்பது ரூபாயைவிடப் பஸ் செலவு குறைவு.

இன்னொரு சேவையும் நடக்கிறது, அதைப் பலகையில் எழுதவில்லை. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து தர ஆள் ஏற்பாடு செய்வார்கள். நவம்பர் முதல் வாரத்தில் இதற்குக் கூட்டம் அதிகம். காசு கொடுத்து வரைந்த ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்குப் போன என் தோழி, மேசையில் வைத்திருந்த மாதிரியை அடையாளம் சொல்ல முடியாமல் நின்றாள். வகுப்பு நடந்த அன்றே, அரைகுறையாக இருந்தாலும் பென்சிலால் வரைந்து வைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. பாய் இந்த வேலையை விட்டுவிட்டால் கடைக்கு மதிப்பு கூடும் என்பது என் கருத்து.

சிறு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எந்திரம் ஒன்றுதான், தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளில் அதுவும் சூடேறி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக ஒன்றரை மணி நேரம் கடை மூடியிருக்கும். அது தெரியாமல் கையில் விண்ணப்பத்தோடு வெயிலில் நின்றது என் தவறு. யூ.பி.ஐ. உண்டு, கணக்கு நோட்டும் உண்டு. நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; அந்த ஒன்றைக் குறைப்பது பச்சை அட்டைக்காக.

கடல் அட்டை விஷயத்தை 2023 டிசம்பரிலேயே பாயிடம் சொல்லியிருந்தேன். மூலப்பிரதியை எடுத்து என் கண் முன்னாலேயே அந்தச் சொல்லை அடித்துத் திருத்தினார். இந்த நவம்பரில் தம்பிக்காகக் கடைக்குப் போனபோது, முதலாண்டு விலங்கியல் மாணவி ஒருத்தி அதே நோட்ஸை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தேன். பாய் திருத்தியது பென்சிலால். பென்சில் கோடு நகலில் விழவில்லை.