'வுட் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

சமையலறை கேபினட்டுக்குப் புது மரக்கதவு போடப் போகிறவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 3,800 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது சிங்கப்பூரின் யீஷூனில் நாலறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. கேபினட் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெட்டிகள் திடமாகத்தான் இருந்தன. கதவுகள்தான் எண்ணெய்ப் புகை படிந்து, லேமினேட் ஓரம் பெயர்ந்து அசிங்கமாகிவிட்டன. எல்லாவற்றையும் உடைத்தால் மேடைக் கல்லையும் கழற்ற வேண்டும், சுவர் டைல்ஸும் தப்பாது. அதனால் கதவு, இழுப்பறை முகப்பு, வெளியே தெரியும் பக்கப் பலகை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். அந்த யோசனையில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

வேலையை எடுத்துச் செய்ய வந்தவர் தமிழ்ப் பையன். "அக்கா, இது நயாத்தோ. ஒரிஜினல் மரம், தட்டிப் பாருங்க" என்று ஒரு மாதிரித் துண்டைக் கையில் கொடுத்தார். செம்பழுப்பு நிறம், நல்ல கனம், அறுத்த பக்கத்திலும் ரேகை ஓடியது. மாமியார் காப்பி போட்டுக் கொடுத்தார். நம்ம ஆளு, தீபாவளிக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்கிறார், வேறென்ன வேண்டும் என்று மனது இளகிவிட்டது.

கொட்டேஷனில் "டோர் ரிப்ளேஸ்மென்ட், வுட் ஃபினிஷ், 18 மில்லிமீட்டர்" என்று இருந்தது. நயாத்தோ என்ற சொல்லே இல்லை. 'வுட்' கண்ணில் பட்டது, பக்கத்தில் இருந்த 'ஃபினிஷ்' படவில்லை. மரம் போன்ற தோற்றம் என்பதுதான் அதற்கு அர்த்தம், மரம் என்பதல்ல. 1,900 வெள்ளி முன்பணம். அதையும் பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றத்தில் நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன்னுக்கு அனுப்பாமல், அவர் சொன்ன கைப்பேசி எண்ணுக்கு அனுப்பினேன். "கம்பெனி அக்கவுண்ட்ல சின்ன பிரச்சினைக்கா." சரி, பையன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன்.

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தை அன்று இரவே அனுப்பிவிட்டேன். கடைசி 380 வெள்ளியையாவது ஒரு மாதம் கையில் வைத்திருக்கலாம்.

மூன்றாவது மாதம், சோற்றுக் குக்கருக்கு மேலே இருக்கும் கதவின் அடி ஓரம் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதியது. அடுத்த வாரம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவு தொங்கியது. பிடித்துத் தூக்கினேன், கீலின் திருகு கையோடு வந்துவிட்டது, கூடவே ஒரு சிட்டிகைத் தூள்.

அந்தக் கீலைக் கழற்றினேன். கேபினட் கீல்களின் வட்டக் கிண்ணம் உட்கார, கதவின் பின்புறம் 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு குழி தோண்டியிருப்பார்கள். கதவு எதனால் செய்தது என்பது அந்தக் குழிக்குள் அப்படியே தெரியும். மரம் என்றால் ரேகை தொடரும். பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகக் கோடு. என் கதவில் அவல் மாதிரி அமுக்கிய தூளும் துண்டும்தான். சிப்போர்டு! மேலே மர ரேகை அச்சடித்த பிளாஸ்டிக் தாள். கனமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், சிப்போர்டும் நல்ல கனம்தான்.

உண்மையைச் சொன்னால், நம் ஊர் ஈரப்பதத்துக்கு முழு மரம்தான் சிறந்தது என்றும் இல்லை, அதுவும் உப்பும், வளையும். நல்ல பிளைவுட்டின் மேல் வெனீர் என்ற மெல்லிய மரத் தகடோ லேமினேட்டோ ஒட்டி, நாலு ஓரமும் சரியாக அடைத்திருந்தால் போதும். அதை அந்தப் பெயரில், அந்த விலைக்கு விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன்.

இன்னொன்றும் வெளியே வந்தது. தொட்டிக்குக் கீழே பக்கப் பலகை முன்பே ஊறி உளுத்திருந்திருக்கிறது. நான்தான் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் மேலேயே புதுத் தாளை ஒட்டிவிட்டார்கள். விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. பெட்டி உளுத்திருந்தால் முகப்பை மாற்றிப் பயனே இல்லை. வருகிறவரிடம் முதலில் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, கொட்டேஷன்ல வுட் ஃபினிஷ்னுதானே போட்டிருக்கு?" அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

கடைசியில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு போட்டேன். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் யார் மேல் போடுவது? கொட்டேஷனில் இருந்த பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் தேடினால் அப்படி ஒரு நிறுவனமே இல்லை. கதவு வந்த அட்டைப்பெட்டியின் டெலிவரிச் சீட்டை மாமியார் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதிலிருந்துதான் பதிவான பெயர் கிடைத்தது. இந்தத் தேடலை முன்பணம் கொடுக்கும் முன்னால் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் சான்று உள்ள புதுப்பிப்பு நிறுவனமா என்பதையும் அப்போதே பார்த்திருக்கலாம். அந்தத் திட்டத்தில் நிறுவனம் மூடிப்போனால் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி: "அக்கா நயாத்தோ கதவு ரெடி, நாளைக்கு வரோம்." அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியதும் பேச்சு மாறியது. 1,200 வெள்ளி திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள், தந்தும்விட்டார்கள். முழுப் பணத்துக்கும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கதவுகள் இன்னும் மாட்டித்தான் இருக்கின்றன. சோறு வைக்கும்போதெல்லாம் மாமியார் குக்கரை மேடையின் நுனிக்கு இழுத்து வைத்துவிட்டு, ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்க்கிறார்.