ஏ350-ல பல வருஷமா பறந்த அனுபவம்: விமானத்தோட குணம் எது, ஏர்லைன்ஸோட முடிவு எது

வேலை விஷயமா நீண்ட தூர ஃபிளைட்ல அடிக்கடி போய்ட்டு வர்ற ஆளு நான், பெரும்பாலும் எகானமிதான். டிக்கெட் போடும்போது நேரம், விலை பாத்ததுக்கு அப்புறம் என்ன விமானம்னு கண்டிப்பா பாப்பேன், ஏர்பஸ் ஏ350-ன்னு இருந்தா கொஞ்சம் கூடக் குடுத்தாவது அதையே எடுத்துடுவேன். ஏன்னு கேக்குறவங்களுக்காக விரிவாவே எழுதிடறேன்.

இந்த விமானத்தோட பெரிய பலம் கண்ணுக்குத் தெரியாத காத்துதான். பழைய பெரிய விமானங்கள்ல கேபின் உள்ள காத்தழுத்தம் 8,000 அடி உயரத்துல இருக்குற அளவுக்குக் குறையலாம், ஏ350-ல அதிகபட்சமே 6,000 அடிதான். 2,000 அடி என்ன பெருசான்னு தோணும், ஆனா பன்னெண்டு பதிமூணு மணி நேரம் அதுக்குள்ளயே மூச்சு விட்டு உக்காந்துட்டு இறங்கும்போது தலைபாரம் இல்லாம, தொண்டை வறண்டு போகாம, அன்னிக்கே வேலை பாக்குற நிலைமையில இருக்கோம் பாருங்க, அங்கதான் வித்தியாசம் புரியுது. இதுக்குக் காரணம் விமானத்தோட உடம்பு. கட்டமைப்பு எடையில 53 சதவீதம் கார்பன் ஃபைபர் மாதிரியான காம்போசிட், அதாவது ஒண்ணுக்கு மேல பொருள் சேர்த்துச் செஞ்ச கலப்புப் பொருள். அலுமினியம் மாதிரி அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி சோர்ந்து போகாது, அரிப்பும் புடிக்காது, அதனால உள்ள அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் கொஞ்சம் அதிகமா வைக்க முடியுது. நீங்களே பாக்கணும்னா, நடு வானத்துல காலி வாட்டர் பாட்டிலை இறுக்கி மூடி வெச்சுடுங்க, தரை இறங்கினதும் எடுத்துப் பாருங்க. பழைய விமானத்துல நல்லாவே நசுங்கியிருக்கும், இதுலயும் நசுங்கும், ஆனா அவ்ளோ இல்ல. உங்க காதுக்கும் அதேதான் நடக்குது.

இந்த 6,000 அடி போயிங் 787-லயும் உண்டு, அதையும் சொல்லிடணும். ஆனா கேபின் அகலம் 787-ல 5.49 மீட்டர், ஏ350-ல 5.61. ரெண்டுலயும் பெரும்பாலும் 3-3-3-ன்னு ஒன்பது சீட் போடறாங்க, அதுல 787 சீட் 17 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல வருது, ஏ350-ல 18 வருது. ஒரு இன்ச்சுக்கும் கம்மியான வித்தியாசம்தான், ஆனா பக்கத்துல தோள் அகலமான ஆள் உக்காந்தா ராத்திரி முழுக்க அந்தக் கொஞ்ச இடம்தான் நம்மள காப்பாத்துது.

சத்தமும் நல்லாவே கம்மி. ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி இன்ஜின், முன்னாடி ஃபேன் மட்டுமே கிட்டத்தட்ட 3 மீட்டர் விட்டம், அவ்ளோ பெருசு இருந்தும் மேல சீரா பறக்கும்போது ஹெட்ஃபோன் வால்யூமைக் குறைச்சு வெச்சே வசனம் கேக்கலாம். இதுல ஒரு பக்கவிளைவு உண்டு, இன்ஜின் இரைச்சல் அமுங்கிப் போனதால பின் வரிசைப் பேச்சு, குழந்தை அழுகை, டாய்லெட் ஃப்ளஷ் எல்லாம் பளிச்சுனு கேக்கும், அதனால சாப்பாடு தயார் பண்ற இடம் (galley), டாய்லெட் பக்கத்து சீட்டை எடுக்காதீங்க.

இறக்கை பத்தி சொல்லாம இருக்க முடியாது. இறக்கைக்குக் கொஞ்சம் பின்னாடி ஜன்னல் சீட் எடுத்துப் பாருங்க, டேக் ஆஃப்ல அந்த வளைஞ்ச நுனி மெல்ல மேல எழும்புறது தெளிவா தெரியும். பறக்கும்போதும் ஃபிளாப்பை, அதாவது இறக்கையோட பின் விளிம்புல அசையுற பலகைகளை, சின்ன சின்ன அளவுல நகர்த்தி, எடை குறையக் குறைய இறக்கையோட வடிவத்தை அதுவே சரி பண்ணிக்குது. அப்புறம் வால்ல இருக்குற கேமரா, நிறைய ஏர்லைன்ஸ்ல சீட் ஸ்க்ரீன்லயே வரும், நடு சீட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கும் லேண்டிங் முழுசா பாக்கக் கிடைக்கும்.

இனி குறைகள். ஏர்பஸ் விக்கிறது அடிப்படை விமானம், உள்ள எப்படி அடைக்கிறதுன்னு முடிவு பண்றது வாங்குற ஏர்லைன்ஸ். 2018-ல ஏர்பஸ் கடைசியா வெளியிட்ட பட்டியல்ல ஏ350-900 விலை 31.74 கோடி டாலர், பேரம் பேசி நல்லாவே குறைச்சுதான் வாங்குவாங்க, இருந்தாலும் அவ்ளோ போட்டு வாங்கிட்டு எகானமியில குஷனை மெலிசாக்கி இடத்தைக் குறுக்குறது எனக்குக் கோபமாவே வருது. நான் அடிக்கடி போற ஒரு ஏர்லைன்ஸ்ல நாலாவது மணி நேரத்துக்கே இடுப்பு வலி வந்துடும். ஃப்ரெஞ்ச் பீ மாதிரி சில நிறுவனங்கள் 3-4-3-ன்னு பத்து சீட்டே போட்டிருக்கு, அங்க நான் மேல சொன்ன 18 இன்ச் கணக்கு செல்லாது. இதுக்கு நேரெதிரா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கம் ஓட்டுற யூஎல்ஆர்ங்கிற மிக நீண்ட தூர வகையில மொத்தமே 161 சீட், எகானமியே கிடையாது. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே விமானம்.

ஏ350-ல பெயிண்ட் உரியுற பிரச்சனை பத்தியும் கேக்குறாங்க. காம்போசிட்ல மின்சாரம் சரியா பாயாது, அதனால மின்னலுக்காக பெயிண்டுக்கு அடியில செம்பு வலை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், பெயிண்டும் அந்த அடுக்கும் சிதையுதுன்னு கத்தார் ஏர்வேஸுக்கும் ஏர்பஸுக்கும் பெரிய வழக்கு நடந்து 2023 பிப்ரவரியில சமரசம் ஆச்சு.

பாதுகாப்புன்னு வந்தா 2024 ஜனவரி 2 டோக்கியோ ஹனேடா விபத்துதான் எனக்கு முதல்ல ஞாபகம் வரும். ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 லேண்ட் ஆகும்போது ரன்வேயில நின்ன கடலோரக் காவல்படை விமானத்துல மோதித் தீப்பிடிச்சது. அந்தச் சின்ன விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் இறந்துட்டாங்க, அந்த வலி மறக்கக் கூடாதது. ஏ350-ல இருந்த 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. உள்ள அறிவிப்பு சிஸ்டம் வேலை செய்யல, 8 கதவுல 3 கதவைத்தான் பயன்படுத்த முடிஞ்சுது, க்ரூ மெகாஃபோன் வெச்சும் கத்தியும் வழிகாட்டினாங்க. கார்பன் உடம்பு தீயில எப்படித் தாங்கும்னு பல வருஷமா சந்தேகம் இருந்தது, அன்னிக்கு எல்லாரும் இறங்குற வரைக்கும் அது தாங்குச்சு. பெருமையில பெரும்பங்கு பையை விட்டுட்டு இறங்குன பயணிகளுக்கும் அந்த க்ரூவுக்கும் சேரணும், விமானத்துக்கும் அதுல ஒரு பங்கு உண்டு.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. சீட் மேப்ல ஒரு வரிசைக்கு ஒன்பதா பத்தான்னு எண்ணிப் பாருங்க, பத்துன்னா அதே விலையில ஒன்பது சீட் 787 கிடைச்சா அதையே எடுங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை செக் பண்ணுங்க, கடைசி நேரத்துல விமானத்தை மாத்துறது சகஜம், அப்படி மாத்தினா உங்க சீட்டும் எங்கயோ போயிருக்கும், உடனே புதுசா எடுத்துடுங்க.