குப்பை மெயிலை நிறுத்தித் தருகிறேன் என்றவர் என் வேலையையும் நிறுத்திவிட்டார்

ஓய்வுபெற்றபின் கணக்கெழுதும் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதற்கென்றே தனியாக ஒரு ஜிமெயில். போனில் வைத்துக்கொள்ளவில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் பார்க்கும் மென்பொருளில் மட்டும்தான் பார்ப்பேன். வேலைவாய்ப்புத் தளங்களில் பதிந்ததும் கோர்ஸ், லோன், இன்சூரன்ஸ் என்று மெயில் கொட்ட ஆரம்பித்தது. ஜிமெயில் தளத்தில் புரமோஷன்ஸ் என்ற விளம்பரப் பக்கத்தில் ஒதுங்குபவை எல்லாம் தண்டர்பேர்டில் நேராக இன்பாக்ஸில் வந்து விழும்.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ஸ்பாம் சாஃப்ட்வேர் போட்டுடறேன் சார், வருஷத்துக்கு 1200 ரூபாய்" என்றார். கொடுத்தேன். அரை மணி நேரம் ஏதோ செய்தார். மறுநாளே குப்பை குறைந்தது. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் நேர்காணல் நடத்திய நிறுவனத்துக்கு நானே போன் செய்தேன். "ஆஃபர் லெட்டர் அனுப்பினோமே சார், பதில் வராததால் அடுத்தவரை எடுத்துவிட்டோம்" என்றார்கள். கை கால் ஓடவில்லை.

அன்று இரவு தண்டர்பேர்டின் டூல்ஸ் மெனுவில், வரும் மெயிலைத் தானாகவே நகர்த்தவோ அழிக்கவோ செய்யும் விதிகளான மெசேஜ் ஃபில்டர்ஸைத் திறந்தேன். எந்த சாஃப்ட்வேரும் போடப்படவில்லை. இருந்தது நான்கு ஃபில்டர். சப்ஜெக்டில் 'ஆஃபர்' இருந்தால் டெலீட். 'லோன்' இருந்தால் டெலீட். 'ஃப்ரீ', 'அர்ஜென்ட்', அதற்கும் டெலீட். போதாக்குறைக்கு சர்வர் செட்டிங்ஸில், தண்டர்பேர்டை மூடும்போதெல்லாம், அழித்த மெயில் போய்ச் சேரும் டிராஷைக் காலிசெய்யும்படி டிக் போட்டிருந்தார். எனக்கு வந்த கடிதம் டிராஷில்கூட மிஞ்சவில்லை.

கேட்டதற்கு, "குப்பை வரக்கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். பணமும் திரும்பவில்லை.

கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஏனென்றால் இதற்கான வசதி தண்டர்பேர்டிலேயே இலவசமாக இருக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஜங்க் (குப்பை மெயில்) செட்டிங்ஸ் பகுதியில் அதை ஆன் செய்யலாம். அது ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாது. மெயிலில் உள்ள எல்லாச் சொற்களையும், நாம் முன்பு குப்பை என்றும் நல்லது என்றும் குறித்தவற்றோடு ஒப்பிட்டு எடைபோடும். குப்பையைக் காட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது, நல்ல மெயிலையும் 'நாட் ஜங்க்' என்று குறித்துக் காட்ட வேண்டும். கீபோர்டில் ஜே அழுத்தினால் ஜங்க், ஷிஃப்ட்டோடு ஜே அழுத்தினால் நல்லது. முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் மெயிலை ஜங்க் ஆக்காதே என்று ஒரு டிக்கும் இருக்கிறது. குப்பையை அழிக்காமல் ஜங்க் ஃபோல்டருக்கு மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். தவறிப்போன மெயிலை அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டியில் விழுபவை 30 நாளில் தானாகவே அழிந்துவிடும், அதையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

யாராவது உங்கள் மெயிலில் கை வைத்திருந்தால், இன்றே அந்த ஃபில்டர் பட்டியலைத் திறந்து, டெலீட் என்று முடியும் ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள்.