எங்கள் ஊர் நகரப் பேருந்து: கட்டணம் இல்லை, தளப்பலகையும் சரியில்லை

எங்கள் ஊரிலிருந்து அரசு மருத்துவமனை வழியாகச் செல்லும் காலை நேர நகரப் பேருந்தில், முழங்கால் சிகிச்சைக்காக என் தாயாரை அழைத்துக்கொண்டு எட்டு மாதங்களாக வாரம் இருமுறை பயணம் செய்கிறேன். ஓட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பேருந்து நேரத்துக்கு வந்துவிடுகிறது. வயதானவர்கள் ஏறி அமரும்வரை நடத்துநர் விசில் கொடுப்பதில்லை. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அம்மாவின் சிகிச்சை தடைபடாமல் நடக்கிறது. என் மனக்குறையெல்லாம் வண்டியின் நிலையைப் பற்றியது.

பின் படிக்கட்டில் ஏறியதும் இடப்பக்க இரண்டாம் இருக்கைக்கு முன்னால் தளத்தின் அலுமினியத் தகடு ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. அடியிலுள்ள பலகை மழைநீரில் ஊறி, மிதித்தால் அமுங்குகிறது. ஐப்பசி மழையின்போது அதன்மேல் ஒரு தகரத்துண்டை வைத்துத் திருகாணி அடித்தார்கள். தை பிறப்பதற்குள் ஒரு திருகாணி கழன்றுவிட்டது. இப்போது தகரத்தின் முனை தூக்கிக்கொண்டு நிற்பதால், அம்மா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டுகிறார்.

இதைச் சிறிய பழுது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2012-இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். 2024 பிப்ரவரியில் அதே சென்னையில் மாநகரப் பேருந்தின் பலகை உடைந்து ஒரு பெண் உள்ளே விழுந்து, நல்லவேளையாக உயிர் தப்பினார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் இருக்கை கழன்று நடத்துநரே சாலையில் வீசப்பட்ட பிறகு, அரசுப் பேருந்துகள் அனைத்தையும் 48 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்ய உத்தரவு வந்தது.

விதிகள் இல்லாமல் இல்லை. 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் நெரிசலோடு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் ஒரு நகரப் பேருந்துக்கு 15 ஆண்டு என்பது மிகத் தளர்வான வரம்பு என்றே கருதுகிறேன், எஃப்.சி.யோ அந்த ஒரு நாளைய நிலையைத்தான் சொல்லும். பிரேக் பழுது என்று எழுதிக் கொடுத்தால் அன்றிரவே பார்த்துவிடுவார்கள், பாடி வேலை என்றால் வரிசையில் நிற்கும் என்று ஓட்டுநர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். 2023-இல் பழைய பேருந்துகளுக்குப் புதுக் கூண்டு கட்டி மஞ்சள் வண்ணத்தில் சாலைக்குக் கொண்டுவந்ததை மனதாரப் பாராட்டுகிறேன், ஏனெனில் வயது ஏறிய வண்டியையும் நல்ல நிலையில் வைத்திருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மகளிர் பயணத்துக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அந்தத் தொகையை வண்டியின் நிலையோடு பிணைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தளம், படிக்கட்டு, இருக்கைத் திருகாணி, ஷட்டர், கூரைக் கசிவு ஆகியவற்றை மாதந்தோறும் சோதித்து, சோதித்த தேதியை எஃப்.சி. தேதிக்குப் பக்கத்திலேயே பயணிகள் பார்க்கும்படி எழுதி வைக்கட்டும். தேறாத வண்டிக்கு அந்த மாதத் தொகையில் பிடித்தம் செய்யட்டும்.

புகார் எழுதலாம் என்றபோது, “காசு கொடுக்காமல் போகிறோம், என்னத்தைக் கேட்பது?” என்று அம்மா தயங்கினார். அவருக்கான கட்டணத்தை அரசு கொடுக்கிறது, அது நம் எல்லோருடைய வரிப்பணம் என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் பணிமனையில் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன். வண்டிக்கு, அந்தப் பலகையை மாற்றும்வரை, ஒன்றுதான்.